நாலு சென்ரிமீற்றர் நடிகன்: பொம்மைப் படக்கதைக்கு லெகோ மினிஃபிகர்

லெகோ கட்டைகளோடு வரும் சின்ன மனித உருவமான மினிஃபிகரின் தலைமுடித் துண்டைக் கழற்றிவிட்டு அளந்தால் உயரம் ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர். அசையும் இடங்கள் ஏழு: தலை, இரண்டு தோள், இரண்டு மணிக்கட்டு, இரண்டு கால். முழங்கை மடியாது, முழங்கால் மடியாது, இடுப்பு திரும்பாது. கால் முன்பக்கம் 90 பாகை வரை வரும். பின்பக்கம் அதில் பாதிதான். பயம், ஏக்கம், ஓட்டம், விழுதல் என்று ஒரு கதைக்கு வேண்டிய எல்லாவற்றையும் இந்த ஏழு அசைவுக்குள் காட்ட வேண்டும். அப்படியிருந்தும், கொழும்பில் பொம்மைப் படக்கதை, அதாவது பொம்மைகளை நடிக்கவைத்து ஒளிப்படங்களால் சொல்லும் கதை, எடுக்கத் தொடங்குகிறவருக்கு முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். வெள்ளவத்தை அடுக்குமாடியின் சின்னப் பல்கனியில், ஒரு சோற்றுக்கோப்பை அளவு இடத்தில், இந்த உருவத்துக்கு ஒரு தெருவையே கட்டிவிடலாம்.

1978இல் இந்த உருவம் வந்தபோது எல்லாருக்கும் ஒரே முகம்: இரண்டு கறுப்புப் புள்ளி, ஒரு புன்னகை. 1989இல் வந்த கடற்கொள்ளையர் தொகுதியோடுதான் முகங்கள் வேறுபடத் தொடங்கின. இப்போது பல தலைகளில் முன்னும் பின்னும் இரண்டு முகம் அச்சடித்திருக்கும். ஒரு பக்கம் அமைதி, மறுபக்கம் திகைப்பு. கதை சொல்ல வாங்குகிறவர் உடுப்பையும் ஆயுதத்தையும் பார்ப்பதற்கு முன் இந்த இரட்டை முகத் தலை உண்டா என்று பார்க்க வேண்டும். தலைமுடித் துண்டு பின்பக்கம் கழுத்து வரை இறங்குகிறதா என்பதும் முக்கியம். மொட்டைத் தலை, சின்னத் தொப்பி என்றால் பக்கவாட்டில் எடுக்கும்போது மற்ற முகத்தின் புருவம் எட்டிப்பார்க்கும்.

நடிக்கவைப்பதில்தான் பெரும்பாலானவர்கள் தவறவிடுகிறார்கள். உருவத்தை நேராக நிறுத்தி, கையை உயர்த்தி, முன்னால் இருந்து எடுத்தால் அது கடைக் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைதான். தலை இடம் வலமாக மட்டுமே திரும்பும், மேலே பார்க்காது. மேலே பார்க்கவைக்க இரண்டு வழி உண்டு. தலையைக் கழுத்துக் குமிழிலிருந்து ஒரு மில்லிமீற்றர் மட்டும் மேலே இழுத்துப் பின்னால் மெதுவாகச் சாய்க்கலாம். கழுத்தில் தெரியும் இடைவெளியைச் சால்வை, பை, கவசம் போன்ற துண்டு மறைக்கும். அல்லது குதிக்காலை ஊன்றி முன்பாதத்தின் கீழே கடுகளவு புளூ டாக் (சுவரில் படம் ஒட்டும் களிமண் போன்ற பசை) வைத்து, முழு உடலையும் 10, 15 பாகை பின்னால் சரிக்கலாம். நடப்பதாகக் காட்ட ஒரு காலை 20 பாகை முன்னே, மற்றதை அதே அளவு பின்னே வைத்து, உடலைச் சற்று முன்னால் சரித்து, பின்காலின் பாதத்தை ஒட்டிவிட வேண்டும். உடல் சரியாமல் காலை மட்டும் விரித்தால் நடை தெரியாது, கவாயத்து தெரியும். கைகளையும் எதிர்த்திசையில் மாற்றி வைக்க வேண்டும்: வலக்கால் முன்னே என்றால் இடக்கை முன்னே. சோகத்துக்குத் தலையைக் குனியவைக்க முடியாது; பின்னால் இருந்து எடுங்கள். முகமே தெரியாமல், சுவரைப் பார்த்து நிற்கும் முதுகும் இருபுறம் தொங்கும் கைகளும் அச்சடித்த எந்த அழுமூஞ்சியையும்விட ஆழமாகப் பேசும்.

மணலில் நிற்கவைக்கும்போது ஒரு லெகோத் தட்டை மணலுக்கடியில் புதைத்து, பாதத்தின் ஓட்டைகளை அதன் குமிழ்களில் பொருத்தினால் காற்றுக்கும் அசையாது. குமிழ்களுக்கிடையிலான தூரம் 8 மில்லிமீற்றர், ஆகவே 4 குமிழுக்கு 4 குமிழ்த் தட்டு ஒன்று போதும். தட்டின் மேல் மணல் 2 மில்லிமீற்றருக்கு மேல் இருந்தால் பாதம் பொருந்தாது. முதலில் உருவத்தைப் பொருத்திவிட்டுப் பிறகு மணலைத் தூவ வேண்டும்.

அளவுக் கணக்கு தெரியாமல் இந்தப் பொம்மையை வெளியே கொண்டுபோகக் கூடாது. 170 சென்ரிமீற்றர் மனிதனை 4 சென்ரிமீற்றராக்கினால் கிட்டத்தட்ட 42இல் ஒன்று. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பிழைகள் தானாகக் குறையும். உருவத்தின் தோளில் நிற்கும் 3 மில்லிமீற்றர் மழைத்துளி, அதன் உலகத்தில் 12 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட தண்ணீர் உருண்டை. அரை மில்லிமீற்றர் மணல் 2 சென்ரிமீற்றர் கூழாங்கல். காலிமுகத்திடல் கரையில் வந்து சாகும் 5 சென்ரிமீற்றர் நுரை, 2 மீற்றர் அலை. இதில் மழைத்துளி கதையைக் கெடுக்கும், அலை கதையைத் தூக்கி நிறுத்தும். மழைக்காட்சிக்குச் சாதாரணத் தண்ணீரை ஊற்றாமல், தலைமுடிக்கு அடிக்கும் நுண்தெளிப்பான் போத்தலில் தண்ணீரும் கிளிசரினும் சமபங்கு கலந்து, 40 சென்ரிமீற்றர் தள்ளி நின்று இரண்டே தரம் தெளியுங்கள். கிளிசரின் பாமசியில் கிடைக்கும். அது சேர்ந்தால் துளிகள் ஒன்றாகி வழிந்தோடாமல் சிறிது நேரம் அப்படியே நிற்கும்.

ரயில் காட்சிக்கு ஆசை வராதவர் இல்லை. கொள்ளுப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரை தண்டவாளம் கடலை ஒட்டியே ஓடுகிறது. அதன்மேல் குனிந்து பொம்மை வைப்பது உயிராபத்து. கடல் இரைச்சலில் ரயில் வருவது கேட்காது. வீட்டிலேயே செய்துவிடலாம். இலங்கையின் அகலப் பாதை 1,676 மில்லிமீற்றர். 42ஆல் பிரித்தால் 4 சென்ரிமீற்றர், அதாவது மினிஃபிகரின் உயரம். ஐஸ்கிறீம் குச்சியை 6.5 சென்ரிமீற்றராக வெட்டி, நீளவாக்கில் பிளந்து 6 மில்லிமீற்றர் அகலமாக்கினால் சிலிப்பர் கட்டை. ஒன்றரைச் சென்ரிமீற்றருக்கு ஒன்றாக ஒட்டி, மேலே 3.5 மில்லிமீற்றர் உயரமுள்ள இரண்டு பட்டைகளை வைத்துக் கபில நிறம் பூசுங்கள். பட்டைகளின் மேல் விளிம்பில் மட்டும் பென்சில் கரியைத் தேய்த்தால், சில்லு ஓடி ஓடி மினுங்கிய தண்டவாளம்.

ஓட்டோதான் சிக்கல். உண்மை ஓட்டோ ஏறத்தாழ 2.6 மீற்றர் நீளம். கணக்குப்படி பொம்மை 6 சென்ரிமீற்றர் போதும். ஆனால் மினிஃபிகர் உயரத்தில் மனிதனைப் போலிருந்தாலும் அகலத்தில் குண்டன். இடுப்பு மட்டும் 16 மில்லிமீற்றர், மனித அளவில் 67 சென்ரிமீற்றர். 6 சென்ரிமீற்றர் ஓட்டோவுக்குள் அது ஏறாது. நினைவுப்பொருளாக விற்கும் பொம்மை ஓட்டோக்களில் 10 சென்ரிமீற்றர் நீளமானதைத் தேடினால் உள்ளே உட்காரவைக்கலாம், கண்ணுக்கும் உறுத்தாது. 64இல் ஒரு பங்கான சின்னக் கார்களை அருகில் நிறுத்தக் கூடாது. 30 சென்ரிமீற்றர் பின்னால், மங்கலாகத் தெரியும்படி நிறுத்தினால் அவை தூரத்துக் கார்களாகிவிடும்.

இனிக் கமரா. ஏபிஎஸ்-சி என்ற நடுத்தர அளவு உணரி (படத்தைப் பதியும் தகடு) உள்ள கமராவில் 50 மில்லிமீற்றர் லென்ஸுக்குப் பின்னால் 16 மில்லிமீற்றர் நீட்டிப்பு வளையம் ஒன்றைச் சொருகினால், 16ஐ 50ஆல் பிரித்து வரும் 0.32 மடங்கு உருப்பெருக்கம் கூடுதலாகக் கிடைக்கும். லென்ஸின் சொந்தக் கிட்டக்குவியத்தோடு சேர்த்தால் உருவம் படச்சட்டத்தின் உயரத்தை நிரப்பும். வளையத்துக்குள் கண்ணாடி இல்லை என்பதால் மலிவானதும் தரத்தைக் கெடுக்காது; ஆனால் லென்ஸோடு மின் தொடர்பு இல்லாத வளையம் வாங்கினால் ஒளி நுழையும் துவாரத்தை மாற்ற முடியாமல் திண்டாட வேண்டிவரும். துவாரம் ஏன் முக்கியமென்றால், 0.35 மடங்கில், துவாரம் அகலத் திறந்த எஃப் 2.8இல் தெளிவாக விழும் ஆழம் ஒன்றேகால் மில்லிமீற்றர் மட்டும். கண் தெளிவாக இருக்கும், கை மங்கிவிடும். துவாரத்தைச் சுருக்கி எஃப் 8 ஆக்கினால் மூன்றரை மில்லிமீற்றர் கிடைக்கும்: முகமும் நெஞ்சும் அடங்கும். எஃப் 16க்கு மேலே போனால் ஒளி வளைந்து முழுப் படமுமே சற்று மழுங்கும். எஃப் 8இலிருந்து 11 வரை வைத்துக்கொண்டு, முகமும் கையிலுள்ள பொருளும் லென்ஸிலிருந்து ஒரே தூரத்தில் வரும்படி உருவத்தைத் திருப்புவதே சரி. மங்கல் எல்லாமே பிழை என்றும் இல்லை. அமெரிக்கக் கலைஞர் டேவிட் லெவின்தால் 1970களில் பொம்மைச் சிப்பாய்களை எடுத்த போர்க்களப் படங்களில் பெரும்பகுதி மங்கல்தான். அந்த மங்கலுக்குள் பொம்மை மறைந்து போர் தெரிகிறது.

போன் வைத்திருப்பவர் அதைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். போனின் மேல் ஓரத்தில் இருக்கும் லென்ஸ் அப்போது நிலத்தோடு ஒட்டி வந்து, மூன்றரைச் சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கும் பொம்மையின் கண்மட்டத்துக்கு இறங்கும். இந்த ஒரு மாற்றமே படத்தை வேறொன்றாக்கிவிடும். அகல லென்ஸால் கிட்டப்போனால் தலை வீங்கித் தெரியும். சற்றுத் தள்ளி நின்று 2 மடங்கு அல்லது 3 மடங்கு லென்ஸைப் பாவியுங்கள். பின்னணியை மங்கவைக்கும் போர்ட்ரெய்ட் முறை இந்த உருவத்தின் வளைந்த கையைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் அதையும் சேர்த்து அழித்துவிடும். அதை அணைத்துவிடலாம்.

வெளிச்சத்தில் கொழும்பு கஞ்சத்தனமான ஊர். 7 பாகை வட அகலக்கோட்டில் சூரியன் கிட்டத்தட்ட நேர்குத்தாக விழுகிறது. அடிவானத்துக்கு 6 பாகை மேலிருந்து கடலைத் தொட 25 நிமிடம்தான். அஸ்தமனம் ஆண்டு முழுவதும் 5.50க்கும் 6.30க்கும் இடையில் என்பதால், 5 மணிக்கே உருவத்தை நிறுத்தி, ஒட்டி, சட்டத்தை அமைத்து வைத்திருக்க வேண்டும். நடுப்பகல் வெயிலில் எடுப்பதானால், வெசாக் கூட்டுக்கு ஒட்டும் வெள்ளை டிசு பேப்பரை ஏ4 அளவுச் சட்டத்தில் ஒட்டி உருவத்துக்கு மேலே பிடியுங்கள். ஏ4 தாள் அந்த உருவத்துக்கு 9க்கு 12 மீற்றர் யன்னல், நிழல் மெல்லியதாகிவிடும். முகத்தின் வளைந்த பளபளப்பில் வெள்ளைப் புள்ளி விழுவதும் குறையும். இரவுக் காட்சிக்குச் சின்ன டோர்ச் ஒன்றை உருவத்துக்கு 15 சென்ரிமீற்றர் மேலே, மஞ்சள் செலோபேன் சுற்றிப் பிடித்தால் 6 மீற்றர் தெருவிளக்குத்தான்.

சாமான் வாங்கப் புறக்கோட்டை போதும். முதலாம் குறுக்குத் தெரு மின்சாதனக் கடைகளில் பொத்தானளவு டோர்ச், யூஎஸ்பியில் எரியும் எல்ஈடி பட்டி. புத்தகக் கடைகளில் பிரிஸ்டல் போர்ட் என்ற தடித்த தாள், புளூ டாக். பொதி பிரித்த ரெஜிபோம் (வெள்ளை நுரைப்பலகை) எந்தக் கடை வாசலிலும் கிடக்கும். பொற்கொல்லர் பாவிக்கும் நுனி கூரான சாமணம் ஒன்று கட்டாயம் வேண்டும். அங்கே நடைபாதையில் விற்கும் மலிவுப் பொம்மைகளையும் ஒதுக்க வேண்டாம். பிரையன் மெக்கார்டி என்ற அமெரிக்கர், போரைக் கண்ட குழந்தைகள் வரைந்த சித்திரங்களை, அந்தந்த ஊரில் கிடைத்த பொம்மைகளை வைத்தே ஒளிப்படமாக்கினார். ஊர்ப் பொம்மையில் ஊர்க்கதை இருக்கும்.

புகைக்கு ஊதுபத்தி சரி. விசிறியை அணைத்து, பொம்மைக்குப் பின்னால் கொளுத்தி, பக்கவாட்டு வெளிச்சம் கொடுத்தால் மூடுபனி. தணல் பிளாஸ்டிக்கைத் தொடாமல் குறைந்தது 10 சென்ரிமீற்றர் தள்ளி வையுங்கள். பனிக்கு ஐசிங் சீனி அழகாகத் தெரியும், ஆனால் இந்த ஊரில் கால்மணி நேரத்துக்குள் எறும்பு வந்துவிடும்; ஈரக் காற்றில் கட்டிபட்டும் போகும். அப்பச்சோடா சிறந்தது. லெகோ பனிக்காட்சிகளால் பெயர்பெற்ற ஃபின்லாந்துக்காரர் வேசா லெஹ்டிமாகிக்கு உண்மைப் பனி வாசலிலேயே கிடைக்கும். நமக்கு அரைக் கிலோ அப்பச்சோடாவும் ஒரு தேயிலை வடியும் போதும்.

கதை எப்படி வருகிறது என்பதற்கு மூன்று படச்சட்டம். பஸ் தரிப்பில் ஒரு வாங்கு, ஒரு மினிஃபிகர், பக்கத்தில் சோற்றுப் பார்சல். பார்சல் 4 மில்லிமீற்றர். பத்திரிகைத் தாளில் சுற்றினால் எழுத்து ஒவ்வொன்றும் நாலு விரல் அளவுக்குப் பெரிதாகித் தெரியும், எனவே எழுத்தில்லாத ஓரத்தைக் கிழித்துச் சுற்ற வேண்டும். முதற்சட்டத்தில் ஆள் இடப்பக்கம் திரும்பி 138 பஸ் வருகிறதா என்று பார்க்கிறார். அவர் பார்க்கும் பக்கத்தில் வெற்றிடம் அதிகம் விடுங்கள். இரண்டாவதில் அவர் அசையவில்லை, நிலத்தில் ஒரு காகத்தின் நிழல். காகம் வாங்கத் தேவையில்லை. பிரிஸ்டல் போர்ட்டில் இறக்கை விரித்த காகத்தை ஒரு சென்ரிமீற்றர் அகலத்தில் வெட்டி, டோர்ச்சுக்கும் நிலத்துக்கும் நடுவில் பிடித்தால் நிழல் இரண்டு மடங்காகி 2 சென்ரிமீற்றர் விழும். உண்மைக் காகத்தின் அளவுக்கு அது சரி. விளிம்பு கூர்மையாக வர ஒற்றை எல்ஈடி டோர்ச் வேண்டும். பல பல்பு உள்ளதில் நிழல் ஐந்தாறாகப் பிரியும். மூன்றாவதில் வாங்கில் வெறும் தாள், ஆளின் தலை திருப்பி மாட்டப்பட்டிருக்கிறது: திகைத்த முகம். பார்சலைக் காகம் தூக்கும் தருணம் எந்தச் சட்டத்திலும் இல்லை. அதைப் பார்ப்பவரே மனதுக்குள் எடுத்துக்கொள்வார். அந்தத் தருணத்தையும் எடுத்துக் காட்ட முனைந்தால் கதை செத்துவிடும். சட்டத்துக்குச் சட்டம் கமரா அசையவும் கூடாது. முக்காலி இல்லையென்றால் இரண்டு அரிசிப் பைக்கு நடுவில் போனைப் புதைத்துவிடுங்கள்.

வாங்கும்போது: அசலின் தலையைக் கழற்றினால் கழுத்துக் குமிழின் மேல் லெகோ என்று மிகச் சிறிதாகப் பதிந்திருக்கும். அதே தோற்றத்தில் வரும் மலிவு உருவங்களில் முகம் அரை மில்லிமீற்றர் விலகி அச்சாகியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கிட்டப் படத்தில் கருவிழி ஓடியது போலத் தெரியும். கால் மூட்டும் விரைவில் தளரும். அப்படிப்பட்டவற்றைப் பின்னணிக் கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கதாநாயகனுக்கு மட்டும் அசல் ஒன்று வாங்குங்கள். கையை அடிக்கடி தோளிலிருந்து பிடுங்காதீர்கள், அக்குள் பக்கம் வெடிக்கும்.

பராமரிப்பில் கடலும் ஈரமும்தான் எதிரிகள். கடற்கரையில் எடுத்த அன்றே 40 பாகை செல்சியசுக்கு மேற்படாத தண்ணீரில் சவர்க்காரத் துளி விட்டுக் கழுவி, காலை முன்னும் பின்னும் ஆட்டி மணலை வெளியேற்ற வேண்டும். மணலோடு ஆட்டினால் இடுப்பில் கீறல் விழும். வெயிலில் உலர்த்தினால் வெள்ளை, சாம்பல் நிறத் துண்டுகள் நாளடைவில் மஞ்சளாகும். லென்ஸுக்கும் வளையத்துக்கும் சிலிக்கா ஜெல் போட்ட, ரப்பர் விளிம்புள்ள டப்பா வேண்டும். உள்ளே ஈரப்பதன் 40இலிருந்து 50 சதவீதத்துக்குள் இருந்தால் பூஞ்சணம் பிடிக்காது.

ஓடுவது, பாய்வது, மல்யுத்தம் என்று உடலால் நடக்கும் கதைதான் வேண்டும் என்பவருக்கு இந்த உருவம் போதாது. அவர் 15 சென்ரிமீற்றர் உயரமுள்ள, முழங்காலும் முழங்கையும் மடியும் 12இல் ஒரு பங்கு உருவத்துக்குப் போகட்டும். பெரியது என்பதால் தெளிவின் ஆழம் தாராளம், போனே போதும். ஆனால் காட்சி அமைக்க ஒரு முழு மேசை வேண்டும், பாயும் நிலைக்குத் தாங்கி வேண்டும், விலையும் கூட. அதன் மென் பிளாஸ்டிக் கொழும்பு வெக்கையில் நாளாக நாளாகப் பிசுபிசுக்கும், வாளும் ஈட்டியும் வளையும். வளைந்ததைச் சுடுதண்ணீரில் அரை நிமிடம் பிடித்து நேராக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டால் நிமிர்ந்து நிற்கும்.